கமராவைத் தெரிவுசெய்யும் கை

டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் எண்களைத்தான் பார்க்கிறார். எத்தனை மெகாபிக்சல், ஐஎஸ்ஓ எதுவரை ஏறும், செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கும் என்பவை பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன. பிடி எவ்வளவு ஆழம், ஆட்காட்டி விரல் தேடாமலே ஷட்டர் பொத்தானில் போய் அமர்கிறதா, கண்ணை எடுக்காமல் அபேச்சரை மாற்ற முடிகிறதா, இரண்டு மணித்தியாலம் கழித்து மணிக்கட்டு நோகிறதா என்பவை எந்தப் பெட்டியிலும் இல்லை. வாங்கியவர் அந்தக் கமராவோடு வருடக்கணக்காக வேலை செய்வாரா, கொஞ்சக் காலத்தில் விற்றுவிட்டு வேறொன்று தேடுவாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை இந்த அச்சாகாத குணங்கள்தான். ஒரே விலையில் கிடைக்கும் இரண்டு கமராக்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

டிஎஸ்எல்ஆரின் உடம்பு இந்த வடிவத்தில் இருப்பதற்கு உள்ளே உள்ள கண்ணாடியே காரணம். லென்ஸின் வழியே வரும் ஒளி, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, பட்டகத்தின் ஊடாகக் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அமத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிட, ஒளி சென்சரில் விழுகிறது. கண்ணாடி எழும்பி விழ இடம் வேண்டும். அதனால் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சருக்கும் இடையில் கெனன் கமராவில் 44 மி.மீ., நிக்கோனில் 46.5 மி.மீ. இடைவெளி விடப்பட்டிருக்கிறது. தடித்த உடம்பு இந்த இடைவெளியாலும், உச்சியில் கூம்பிய மேடு பட்டகத்தாலும் வந்தவை. அந்தத் தடிப்பைப் பாரம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் நான்கு விரல்களும் சுற்றிப் பிடிக்கக்கூடிய ஆழமான பிடியை அமைக்க இடம் தந்ததும் அதே தடிப்புத்தான்.

ஆரம்ப கால ஃபிலிம் கமராக்களில் இப்படியொரு பிடி இருக்கவில்லை. 1959இல் வந்த நிக்கோன் எஃப், நேரான விளிம்புகள் கொண்ட உலோகப் பெட்டி. ஒவ்வொரு படத்துக்கும் பின் வலக்கைப் பெருவிரலால் நெம்பைத் தள்ளி ஃபிலிமைச் சுற்ற வேண்டியிருந்ததால், பாரத்தைத் தாங்கும் பொறுப்பு இடக்கையிடம் இருந்தது. மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது பற்றறிக்கு இடம் தேவைப்பட்டது. வலப்பக்கத்தில் முன்னால் புடைத்து நின்ற பற்றறி அறையே மெல்ல மெல்லப் பிடியாக மாறியது. இன்றும் டிஎஸ்எல்ஆரின் பற்றறி பிடிக்குள்தான் இருக்கிறது.

கமரா நிறுவனங்கள் உடம்பின் வடிவத்தை வெறும் பொறியியல் விடயமாகப் பார்த்த காலம் 1980இல் மாறத் தொடங்கியது. அந்த வருடம் வந்த நிக்கோன் எஃப்3 கமராவை இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் ஜியோர்ஜெட்டோ ஜியுஜியாரோ வடிவமைத்தார். சிறிய பிடியின் ஓரமாக அவர் வைத்த சிவப்புக் கோடு, வடிவம் மாறி மாறி, நிக்கோன் டிஎஸ்எல்ஆர்களின் பிடியில் கடைசிவரை தொடர்ந்தது. கெனன் இன்னும் தூரம் போனது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் லூயிஜி கொலானியின் பங்களிப்போடு 1986இல் வந்த டி90 (T90) கமராவில் நேர்கோடு தேடினாலும் கிடைக்காது. உள்ளங்கையின் வளைவைப் பார்த்துச் செய்த உடம்பு அது. ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், ஆட்காட்டி விரலுக்கு எட்டும் இடத்தில், ஒரு சிறு டயல் வைக்கப்பட்டது. அடுத்த வருடம் தொடங்கிய இஓஎஸ் வரிசை அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. 1989இல் வந்த இஓஎஸ்-1 பின்பக்கத்தில் பெருவிரலுக்கென்று ஒரு பெரிய வட்ட டயலைச் சேர்த்தது. இன்று பாவனையில் உள்ள கெனன் டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் காணும் வட்டம் அதன் வாரிசு.

வலக்கையே எல்லாவற்றையும் இயக்குவது இயற்கை விதி ஒன்றும் அல்ல. 1936இல் டிரெஸ்டன் நகரின் இஹாகே நிறுவனம் வெளியிட்ட கினே எக்சாக்டாவில் ஷட்டர் பொத்தான் இடக்கைப் பக்கம் இருந்தது. அந்த வழி தொடரவில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்று கடையில் தெரிவு என்று ஒன்றும் இல்லை. அவர்கள் வலக்கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிடியை விட ஆழமாக வாங்குபவரைக் கட்டிப்போடுவது விரல்களின் பழக்கம். கெனனில் ஷட்டர் வேகத்தை ஆட்காட்டி விரலும் அபேச்சரைப் பெருவிரலும் மாற்றுகின்றன. நிக்கோனில் பின்பக்க டயலைத் திருகும் பெருவிரல் ஷட்டர் வேகத்தையும், முன்பக்க டயலில் உள்ள ஆட்காட்டி விரல் அபேச்சரையும் மாற்றுகின்றன. நிக்கோனை இயக்கும் ஆளி ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருப்பதால் ஒரு விரலால் கமராவை எழுப்பிப் படமும் எடுக்கலாம். கெனனில் அது மொடலுக்கு மொடல் இடம் மாறும். உயர்ந்த மொடல்கள் பலவற்றில் இடக்கைப் பக்கம் இருக்கும். லென்ஸைப் பூட்டும் திசை ஒன்றில் வலஞ்சுழி, மற்றதில் இடஞ்சுழி. சூம் வளையமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். பழைய நிக்கோன்களின் ஒளியளவுக் கோட்டில் கூட்டல் இடப்பக்கமும் கழித்தல் வலப்பக்கமும் இருந்தன. கெனனில் இருந்து வந்தவர்கள் இதில் தடுமாறியதால், அதை மாற்றும் வசதி பிறகு மெனுவில் சேர்க்கப்பட்டது. இந்த இரண்டில் எது சரி என்று வாதாடுவதில் பயன் இல்லை. முதலில் கற்றது எதுவோ அதுவே கைக்குச் சரி.

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிப் பெருநிலத்தில் கமராத் தொழில் பழகும் முறையை வைத்துப் பார்த்தால் இந்தப் பழக்கத்தின் பலம் விளங்கும். பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்ற ஊரில் இருந்து இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர் இதற்கென்று பள்ளியில் படித்து வருவதில்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஸ்ரூடியோக்காரரிடம் லைட் பிடிக்கவும் பை தூக்கவும் சேர்ந்து, கலியாண வீட்டுக் கூட்டத்துக்குள் அவருடைய இரண்டாவது கமராவை வாங்கிப் படம் எடுக்கப் பழகுகிறார். அவர் விரல்கள் பழகுவது முதலாளியின் கமராவில். சொந்தமாக வாங்கும் நாள் வரும்போது அதே நிறுவனத்தின் கமராவையே தேடுகிறார். முதலாளியின் லென்ஸையும் பிளாஷையும் இரவல் வாங்கலாம் என்ற வசதி அதற்கு இன்னொரு காரணம். இப்படி ஒரு ஸ்ரூடியோவில் பழகியவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தைப் பாவிப்பது உலகில் எங்கும் நடப்பதுதான். கடை அதிகம் இல்லாத இடத்தில் அது இன்னும் இறுக்கமாக நடக்கிறது.

பிடியும் டயலும் எவ்வளவு பணம் பெறும் என்பதை நிறுவனங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. 2003இல் கெனன் 300டி வெளிவந்தபோது, லென்ஸ் இல்லாமல் 899 அமெரிக்க டொலர் என்ற விலை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆயிரம் டொலருக்குள் வந்த டிஎஸ்எல்ஆர் அதுவரை கிடையாது. விலையைக் குறைக்க எடுத்துவிடப்பட்டவற்றில் ஒன்று பின்பக்க வட்ட டயல். மனுவல் முறையில் அபேச்சரை மாற்ற வேண்டுமானால் ஒரு பொத்தானைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் முன் டயலைத் திருக வேண்டும். அடுத்த வருடம் போட்டிக்கு வந்த நிக்கோன் டி70 இரண்டு டயல்களையும் வைத்திருந்தது. 595 கிராம் உடம்பும் நிறைந்த பிடியும் அதற்கு இருந்தன. 2005இல் கெனன் 350டி 485 கிராமுக்கு இளைத்து வந்தது. படத் தரத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. பெரிய கை உள்ளவர்களுக்கு அதன் பிடி ஒடுக்கமாக இருந்தது; சுண்டுவிரலுக்கு இடமில்லை என்ற குறை அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஜப்பானில் அந்த வரிசையின் பெயர் இஓஎஸ் கிஸ். 1993இல் ஃபிலிம் கமராவாகத் தொடங்கியபோதே அது பிள்ளைகளைப் படம் எடுக்க விரும்பும் தாய்மாரை எண்ணி, சிறிதாகவும் பாரம் இல்லாமலும் செய்யப்பட்டது. ஒரு கமராவின் உடம்பு யாருடைய கையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பது விலைப்பட்டியலில் இராது. வாங்குபவர் அதைத் தன் கையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2013இல் வந்த கெனன் 100டி பற்றறியோடும் கார்டோடும் 407 கிராம்தான். சிறிய கைக்கும் பயணத்துக்கும் அது அருமையான கமரா. கனத்த லென்ஸைப் பூட்டினால் முழுப் பாரமும் முன்னால் இழுக்கும்.

பாரத்தைப் பற்றிப் பேசும்போது கமராவை மட்டும் தராசில் வைப்பது பெரிய தவறு. கலியாண வீட்டு வேலைக்கு உலகெங்கும் பாவிக்கப்பட்ட ஒரு கூட்டைப் பார்க்கலாம். 2012இல் வந்த கெனன் 5டி மார்க் 3 பற்றறியோடு 950 கிராம். 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1490 கிராம். 600இஎக்ஸ் பிளாஷ் 425 கிராம். அதற்கு நான்கு பற்றறிகள் வேறு. மொத்தம் ஏறத்தாழ 3 கிலோ. காலையில் மாப்பிள்ளை வீட்டில் பால் அறுகு வைப்பதில் தொடங்கிப் பின்னேரம் பெண் வீட்டாரின் குடும்பப் படம் வரை இந்தப் பாரம் கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும். இங்கே புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு உண்மை உண்டு. கனத்த லென்ஸோடு வேலை செய்பவருக்குக் கனத்த உடம்பே கைக்கு இலகுவானது. பாரம் உள்ளங்கைக்கு மேல் சமமாக நின்றால் தசை சோராது. முன்னால் இழுத்தால், மொத்த எடை குறைவாக இருந்தாலும் மணிக்கட்டு சீக்கிரம் நோகும். மண்வெட்டிக்குப் பிடி போடுபவர் இலையின் எடையைப் பார்த்துப் பிடியின் நீளத்தையும் தடிப்பையும் தீர்மானிப்பதும் இதே கணக்கில்தான்.

நெடுக்குவாட்டில் படம் எடுக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். வலது முழங்கை மேலே தூக்கி நிற்க வேண்டும். மணவறைப் படங்களில் பல நெடுக்குவாட்டுப் படங்கள். அதற்காகவே கமராவின் அடியில் பூட்டும் மேலதிகப் பிடி விற்கப்படுகிறது. அதில் இரண்டாவது ஷட்டர் பொத்தானும் டயலும் இருக்கும், இரண்டு பற்றறி போடலாம். கெனன் 1டி எக்ஸ், நிக்கோன் டி6 போன்ற உச்ச மொடல்களில் அந்தப் பிடி உடம்போடு ஒன்றாகவே வருகிறது. 2020இல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3 லென்ஸ் இல்லாமலே 1440 கிராம். விளையாட்டுப் படப்பிடிப்பாளருக்கு அது தேவை. ஊர் ஸ்ரூடியோவுக்குக் கழற்றக்கூடிய பிடியே புத்திசாலித்தனமான தெரிவு.

வேலையின் நடுவில் கமராவின் குணம் வெளிப்படும் இடம் ஒளி மாறும் இடம். வீடியோ லைட்டின் கீழ் மஞ்சளாக இருக்கும் மணவறையில் இருந்து சோடியை வெளியே கூட்டி வந்தால், ஆவணி மாத வன்னி வெயில் கண்ணைக் கூச வைக்கும். சில அடி தூரத்துக்குள் ஷட்டர் வேகம், அபேச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் மாற வேண்டும். இரண்டு டயல் உள்ள கமராவில் இது நடந்தபடியே நடக்கும். ஒரு டயல் கமராவில் பொத்தானைத் தேட வேண்டும். அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடலாம். நிக்கோனின் டி7000 போன்ற பல மொடல்களில் ஐஎஸ்ஓ பொத்தான் திரையின் இடப்பக்கம் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் லென்ஸைத் தாங்கும் இடக்கையை எடுக்க வேண்டும். பாவனையாளர்களின் நீண்ட காலக் குறை இது. 2016இல் டி5, டி500 கமராக்களில் ஐஎஸ்ஓ பொத்தான் ஷட்டருக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த வருடம் டி850, டி7500 இரண்டிலும் அதே இடம். சென்சரில் ஒன்றும் மாறாவிட்டாலும் இந்த ஒரு மாற்றத்துக்காகவே புதிய மொடலுக்கு மாறலாம் என்று சொல்வது மிகை அல்ல.

இந்த மண்ணில் படம் தவறுவது சின்ன விடயம் அல்ல. 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டோடு சேர்த்து அல்பங்களையும் இழந்தன. அப்பா அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் வன்னியில் உண்டு. அந்தக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் கமராக்காரரை அழைக்கும்போது, ஒரு கணமும் விடுபடக்கூடாது என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. பொத்தான் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அங்கே தொழில் நேர்மையோடு சேர்ந்துவிடுகிறது.

கண்ணை வைக்கும் துவாரத்தையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். விலை குறைந்த மொடல்களில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிகளை அடுக்கி ஒளியைத் திருப்புகிறார்கள். பாரம் குறையும், காட்சி சிறுத்து மங்கும். நிக்கோன் டி3500, கெனன் 1500டி இரண்டும் சட்டகத்தில் 95 வீதத்தையே காட்டுகின்றன. படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை வந்து விழுவதைக் கணினியில் திறக்கும்போதுதான் காண நேரும். டி7500, கெனன் 90டி இரண்டும் 100 வீதம் காட்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண் எவ்வளவு தூரம்வரை விலகினாலும் முழுச் சட்டகமும் தெரியும் என்ற அளவு டி7500இல் 18.5 மி.மீ., 90டியில் 22 மி.மீ. கேட்பதற்கு அற்பமான வித்தியாசம். கண்ணாடி போட்டவருக்கு மூலைகள் தெரிவதும் தெரியாததும் அந்த மூன்றரை மில்லிமீற்றரில் இருக்கிறது. இடக்கண்ணால் பார்ப்பவர்களின் மூக்கு திரையில் முட்டும். தொடுதிரை உள்ள மொடலில் மூக்கு பட்டு ஃபோகஸ் இடம் மாறாதபடி அமைப்பை மாற்றிவைக்க முடியுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

வீடியோ வந்ததும் கையின் கணக்கே மாறியது. 2008இல் நிக்கோன் டி90 முதல் தடவையாக டிஎஸ்எல்ஆரில் வீடியோவைக் கொண்டுவந்தது. அதே வருடம் கெனன் 5டி மார்க் 2 முழு எச்டியில் எடுத்தது. வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே எழும்பி நிற்பதால் கண் வைக்கும் துவாரம் இருட்டாகிவிடும். திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கமராவை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடிக்கும்போது முகத்தில் முட்டுக்கொடுத்த உறுதி போய்விடுகிறது. ஸ்டில் கமராவுக்காகச் செய்த பிடி இதற்குப் பொருந்தாது. அதனால் திரும்பி மடியும் திரை வாங்குபவர்களின் முதல் கேள்வியாயிற்று. கெனன் அதை 2010இல் 60டி மொடலில் தந்தது. 2012இல் 650டி தொடுதிரையோடு வந்தது. 2013இல் வந்த 70டி, சென்சரிலேயே ஃபோகஸ் பிடிக்கும் முறையைச் சேர்த்து, திரையில் விரலால் தொட்ட முகத்துக்கு ஃபோகஸ் மென்மையாக நகரும்படி செய்தது. தனியாக வீடியோவும் படமும் எடுக்கும் கமராக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தலைக்கு மேல் தூக்கித் திருவிழாக் கூட்டத்தை எடுப்பதற்கும், தரையோடு தாழ்த்தி எடுப்பதற்கும் அந்தத் திரை உதவியது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூடும் சனத்துக்குள் நின்று படம் எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சத்தமும் கையாளுதலில் சேர்ந்ததே. கண்ணாடி எழும்பி விழும் அடியோசை மண்டபத்துக் கொட்டுமேளத்தில் கேட்காது. செத்த வீட்டில் கேட்கும். வெளிநாட்டில் இருந்து வர முடியாத பிள்ளைகளுக்காக இறுதிக் கிரியையைப் படமாகவும் வீடியோவாகவும் எடுத்து அனுப்புவது இப்போது வழமையாகிவிட்ட நிலையில், ஓசை குறைத்து எடுக்கும் முறை ஒரு மரியாதையாகவே தேவைப்படுகிறது. 5டி மார்க் 3, நிக்கோன் டி750 போன்றவற்றில் அந்த வசதி உண்டு. ஓசை முற்றாக நிற்காது, தணியும்.

மன்னாரில் இருந்து பூநகரி வரையான கரையோரக் களப்புகளில் பறவை பார்க்க வருபவர்களின் தேவை வேறு. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வரும் மாரிகாலத்தில் நீண்ட லென்ஸோடு வருபவர்கள் அதிகம். அவர்கள் விரும்பும் 150-600 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2 கிலோ. இங்கே பிடியின் ஆழமும், பெருவிரலால் ஃபோகஸை இயக்கும் தனிப் பொத்தானும்தான் பேச்சு. மழைத்தூறலும் கோடையில் கிரவல் வீதிப் புழுதியும் உள்ளே போகாதபடி அடைக்கப்பட்ட உடம்பா என்பதும் முக்கியம். அடைப்பு உள்ள மொடல்கள் பாரம் கூடியவை, விலையும் கூடியவை. வன்னியில் வேலை செய்பவருக்கு அந்தப் பணம் வீண்போகாது.

இவ்வளவும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரச்சினை என்னவென்றால், இங்கே பலர் எடுத்துப் பார்க்காமலே கமராவைப் பெறுகிறார்கள். கனடாவிலோ சுவிசிலோ லண்டனிலோ உள்ள சித்தப்பாவோ அண்ணாவோ ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறார். அவர் அன்போடு தெரிவு செய்வது மெகாபிக்சலையும் சலுகை விலையையும் பார்த்து. பெரும்பாலும் அது 18-55 மி.மீ. லென்ஸோடு வரும் ஒரு டயல் மொடல். படிப்பதற்கு அது போதும். தொழிலுக்கு வந்ததும் கை முட்டும். வாங்கித் தருபவரிடம் மொடல் எண்ணைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. அதற்கு முன் ஊரில் யாரிடமாவது அந்த மொடலை வாங்கி ஒரு பின்னேரம் பாவித்துப் பார்ப்பது அதைவிட நல்லது.

கடையில் எடுத்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. 2009இல் ஜொவான் பெக், சூசான் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பதே அது தனக்குரியது என்ற உணர்வைத் தூண்டுகிறது என்றும், தொடுகை இதமாக இருந்தால் அதற்குக் கொடுக்கத் துணியும் விலையும் உயர்கிறது என்றும் காட்டியது. விற்பனையாளர் கமராவைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்து எடுத்துக் கையில் தருவது இதனால்தான் வேலை செய்கிறது. முதல் நிமிடத்தில் வரும் இதம் ரப்பரின் மென்மையும் புதுப்பொருளின் கவர்ச்சியும். உண்மையான சோதனைக்கு நேரம் வேண்டும். தான் பாவிக்கப்போகும் லென்ஸையே பூட்டச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியைப் போட்டபடி பார்க்க வேண்டும். துவாரத்தில் கண்ணை வைத்தபடி, பொத்தான்களைப் பார்க்காமல், மூன்று அமைப்புகளையும் மாற்ற முயல வேண்டும். நெடுக்குவாட்டில் திருப்பிக் கை நடுங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். போட்டி நிறுவனத்தின் மொடலையும் அதே போல் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் வைத்துவிட்டு வெளியே வந்து முடிவு செய்ய வேண்டும்.

2022க்குப் பின் இலங்கையில் புதுக் கமரா வாங்குவதே பலருக்கு எட்டாமல் போனது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. கமராவின் விலையும் அதோடு ஏறியது. பாவித்த கமராக்களை நோக்கிப் பலர் திரும்பினார்கள். பாவித்த கமராவில் ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்ற எண்ணை எல்லோரும் கேட்கிறார்கள்; கை பட்ட இடங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. வெப்பத்திலும் வியர்வையிலும் பிடியின் ரப்பர் ஊதி விலகியிருக்கலாம். டயலை ஒரு படி திருகினால் எண் இரண்டு படி தாவலாம், அல்லது அசையாமல் நிற்கலாம். ஷட்டர் பொத்தானின் அரை அமத்தலில் ஃபோகஸ் பிடிக்கும் இடம் மழுங்கியிருக்கலாம். கார்ட் கதவும் பற்றறி மூடியும் தளர்ந்திருந்தால் புழுதி உள்ளே போயிருக்கும். இவை ஒன்றும் விற்பவர் காட்டும் படத்தில் தெரியாது. நேரில் போய் எடுத்துப் பார்ப்பதற்கான பஸ் செலவு அந்த இடத்தில் நல்ல முதலீடு.

உலகச் சந்தை இதற்குள் கண்ணாடியில்லாக் கமராக்களுக்கு மாறிவிட்டது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கில் 2020இல் அவற்றின் எண்ணிக்கை முதல் தடவையாக டிஎஸ்எல்ஆரை மிஞ்சியது. கண்ணாடி இல்லாததால் லென்ஸ் வளையத்துக்கும் சென்சருக்கும் இடையிலான இடைவெளி நிக்கோனில் 16 மி.மீ., சோனியில் 18 மி.மீ., கெனனில் 20 மி.மீ. ஆகச் சுருங்கியது. உடம்பு மெலிந்தது, பற்றறியும் சிறுத்தது: 2013இல் வந்த முதல் சோனி ஏ7 ஒரு பற்றறியில் 340 படம் அளவே எடுத்தது, நிக்கோன் டி850 எடுப்பது 1840. கையின் வாக்கு இங்கும் செல்லுபடியானது. 2018இல் கெனன் தன் இஓஎஸ் ஆர் கமராவில் பின்பக்க வட்ட டயலையும் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் சிறு குமிழையும் எடுத்துவிட்டு, விரலால் தடவி இயக்கும் ஒரு பட்டையை வைத்தது. தெரியாமல் விரல் பட்டு அமைப்பு மாறுகிறது என்ற முறைப்பாடு எழுந்தது. 2020இல் வந்த ஆர்5, ஆர்6 இரண்டிலும் பட்டை இல்லை. 1989இன் வட்ட டயலும் குமிழும் திரும்பி வந்திருந்தன.

இந்த மாற்றத்தால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பாவித்த சந்தைக்கு மலிவாக வருகின்றன. புதிய ஒரு டயல் கமராவின் விலையில் இரண்டு டயலும் முழுப் பட்டகமும் அடைத்த உடம்பும் உள்ள பழைய மொடல் கிடைத்தால், தொழில் தொடங்குபவர் பழையதை எடுப்பதே சரி. பழைய கெனன் லென்ஸ்களை வைத்துக்கொண்டு கண்ணாடியில்லாக் கமராவுக்கு மாற நினைப்பவர், இடையில் பூட்டும் வளையத்தையும் சேர்த்தே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்த 24 மி.மீ. இடைவெளியை அந்த வளையம் முன்னால் நீட்டித் திருப்பிக் கொடுக்கிறது. 70-200 லென்ஸ் அதன் நுனியில் பூட்டியதும், மெலிந்த உடம்பில் மிச்சம் பிடித்த எடையின் பெரும் பகுதியை இடக்கை சுமக்க வேண்டியிருக்கும்.